செண்டாயில் போனென்காய்: முதன்முறை கன்ஜி ஆகும் தமிழருக்கு

ஜப்பானிய அலுவலகங்களில் ஆண்டு முடியும் வேளையில் ஊழியர் எல்லோரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் விருந்துக்குப் போனென்காய் என்று பெயர். கழிந்த ஆண்டை மறப்பதற்கான கூடல் என்பது அச்சொல்லின் பொருள். அந்த விருந்தை ஏற்பாடு செய்பவரைக் கன்ஜி என்கிறார்கள். பெரும்பாலும் இளையவர்களிடமோ புதிதாகச் சேர்ந்தவர்களிடமோ இந்தப் பொறுப்பு வந்து சேர்கிறது. மொழி முழுதும் கைவராத வெளிநாட்டவர் என்பதற்காக யாரும் விலக்கு அளிப்பதில்லை. பலரோடும் பழகுவதற்கு இது நல்ல வழி என்று எண்ணியே நம்மிடம் கொடுக்கிறார்கள். அந்த எண்ணம் சரியானது என்பது என் அனுபவம்.

நான் மியாகி மாநிலத்தின் தலைநகரான செண்டாயில் வேலை செய்கிறேன். இதுவரை நான்கு முறை கன்ஜியாக இருந்திருக்கிறேன். நான்கு முறையும் எங்கள் பிரிவினர் விரும்பியது ஒன்றுதான்: எல்லா ஊரிலும் கிளை வைத்திருக்கும் இஸாகாயா, அதாவது மதுவும் சிறு உணவுகளும் தரும் கடை, வேண்டாம், இந்த மண்ணின் சமையலைத் தருகிற கடை வேண்டும். இத்தகைய வட்டாரச் சமையலுக்குக் கியோடோ ரியோரி என்று பெயர். அப்படிப்பட்ட கடையில் பதினைந்து பேருக்கு விருந்து ஏற்பாடு செய்வதை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். வேறு நகரத்தில் இருப்பவர்களுக்கு உணவின் பெயர்கள் மாறும். வேலையின் வரிசை மாறாது.

நாளைப் பிடித்தல்

டிசம்பர் மாத வெள்ளிக்கிழமைகள்தான் முதலில் நிரம்பும். அரசு அலுவலகங்கள் டிசம்பர் 28 அன்று ஆண்டின் பணியை முடிக்கின்றன. நிறுவனங்களும் ஏறத்தாழ அதையே பின்பற்றுவதால், எல்லாப் போனென்காய்களும் மாதத்தின் முதல் மூன்று வாரங்களுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. செண்டாயில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. ஜோஸென்ஜி சாலையின் செல்கோவா மரங்களுக்கு விளக்கு அலங்காரம் செய்யும் விழா 1986 முதல் டிசம்பரில் நடந்து வருகிறது. உணவகங்கள் மிகுந்த கோகுபுஞ்சோ பகுதி அந்தச் சாலையை ஒட்டியே இருப்பதால், விளக்கு பார்க்க வருகிறவர்களும் அதே கடைகளுக்குத்தான் வருவார்கள். ஆகவே அக்டோபர் இறுதியிலேயே பிரிவுத் தலைவரிடம் அவருக்கு ஏற்ற மூன்று நாள்களைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு அந்த மூன்றை மட்டும் மற்றவர்களிடம் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பதினைந்து பேரிடமும் "உங்களுக்கு எந்த நாள் வசதி" என்று கேட்டால் நவம்பர் முழுவதும் அதிலேயே போய்விடும். வெள்ளி கிடைக்காவிட்டால் வியாழனை எடுத்துக்கொள்ளலாம். கடையில் சத்தமும் குறைவாக இருக்கும், பரிமாறுகிறவர்களும் நின்று பதில் சொல்வார்கள்.

யார் எதை உண்பதில்லை

கன்ஜியின் வேலைகளில் இதுதான் முதன்மையானது என்று நான் கருதுகிறேன். கடையின் அழகும் விலையும் இதற்குப் பின்னால்தான்.

வழக்கமாக எல்லோருக்கும் அனுப்பும் மின்னஞ்சலின் கடைசியில் "உண்ண முடியாதவை ஏதேனும் உண்டா" என்று ஒரு வரி இருக்கும். அதற்கு ஜப்பானியர்கள் "தோகு நி நாஷி", அதாவது "குறிப்பாக ஒன்றுமில்லை", என்று எழுதிவிடுவார்கள். ஏதாவது இருந்தாலும் அப்படித்தான் எழுதுவார்கள். பிறருக்குத் தம்மால் சிரமம் வரக்கூடாது என்பது அவர்கள் வளர்ந்த முறை. நம்மவர்களோ "சைவம்" என்று ஒரே சொல்லில் எழுதுவார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும் கடைக்காரர் மனத்தில் இறைச்சித் துண்டு இல்லாத தட்டு என்ற அளவில்தான் பொருள் விரியும்.

என் முதல் ஆண்டில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பிரிவில் மதுரைக்காரர் ஒருவர் இருந்தார். முட்டைகூட உண்ணாதவர். நான் கடையைத் தொலைபேசியில் அழைத்து "ஒருவருக்கு நிகு நாஷி" என்று, இறைச்சி வேண்டாம் என்று, சொன்னதோடு என் கடமை முடிந்ததாக நினைத்துவிட்டேன். விருந்தன்று நான்கு பேருக்கு ஒன்றாக மண்சட்டி அடுப்போடு மேசைக்கு வந்தது. அவர் அமர்ந்த மேசைச் சட்டியில் மட்டும் வாத்துத் துண்டுகளை எடுத்துவிட்டு, அதே வாத்துக் கொழுப்பு மினுங்கும் குழம்பில் கீரையும் தோஃபுவும் போட்டிருந்தார்கள். அவர் மூடியைத் திறந்து பார்த்தார், ஆவி முகத்தில் அடித்தது, மெதுவாக மறுபடி மூடிவைத்தார். அன்று இரண்டு மணி நேரத்தில் அவர் உண்டது ஊறுகாய்க் கத்தரிக்காய் நான்கு துண்டும் ஒரு கிண்ணம் வெறுஞ்சோறும்தான். "பரவாயில்லை, மதியம் நன்றாகச் சாப்பிட்டேன்" என்று என்னிடம் சொன்னார். அவரும் மற்றவர்களைப் போலவே 5,000 யென் கொடுத்திருந்தார். தவறு கடையுடையது அன்று. நான் சொன்னதைத்தான் அவர்கள் செய்திருந்தார்கள்.

அடுத்த ஆண்டு முதல் நான் திறந்த கேள்வி கேட்பதை விட்டுவிட்டேன். மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, கோழியும் வாத்தும், மீன், நண்டு இறால் சிப்பி, முட்டை, பால், மீன் சாறு, சமையலில் சேர்க்கும் மது என்று ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதி, எதிரே "உண்பேன்", "உண்ணமாட்டேன்" என்ற இரண்டில் ஒன்றைக் குறிக்கச் சொல்கிறேன். ஒவ்வாமைக்குத் தனி இடம் விடுகிறேன். இப்படிக் கேட்ட முதல் முறையே, நான்காண்டுகளாக உடன் வேலை செய்த ஜப்பானியர் ஒருவருக்குச் சிப்பி ஒத்துக்கொள்ளாது என்பது தெரிய வந்தது. அவர் எந்த விருந்திலும் அதைச் சொன்னதே இல்லை.

அந்த வரிகளில் இரண்டைப் புதியவர்கள் கவனிக்கத் தவறுவார்கள். ஒன்று மீன் சாறு. ஜப்பானியச் சமையலின் அடித்தளம் டாஷி என்னும் சாறு. அது பெரும்பாலும் கட்சுவோபுஷி எனப்படும் உலர்ந்த சூரை மீன் சீவலைக் கொதிநீரில் இட்டு எடுப்பது. காய்கறி அவியல், முட்டைச் சுருள், கீரைப் பச்சடி, மிசோ சூப் ஆகிய எல்லாவற்றிலும் அது இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கொம்பு என்னும் கடற்பாசியிலும் உலர்ந்த ஷீதாகே காளானிலும் டாஷி எடுக்கும் வழக்கமும் இருக்கிறது. பௌத்த மடங்களின் சமையல் முழுவதும் அப்படித்தான். ஆகவே கடைக்காரரிடம் கேட்டால் செய்து தரக்கூடியதுதான், ஆனால் கேட்டாக வேண்டும். இன்னொன்று மிரின். சமையலில் இனிப்புக்காகச் சேர்க்கும் இந்தத் திரவத்தில் 14 விழுக்காடு அளவுக்கு மது இருக்கிறது. சமையலுக்கான அரிசி மதுவான சாகேயும் அதே போலத்தான். உங்கள் பிரிவில் இஸ்லாமியர் இருந்தால், பன்றியிறைச்சி இல்லை என்ற உறுதி மட்டும் அவருக்குப் போதாது.

கடையில் பொதியிட்டு விற்கும் உணவுகளுக்கு இறால், நண்டு, வால்நட், கோதுமை, சோபா என்னும் பக்வீட் தானியம், முட்டை, பால், வேர்க்கடலை ஆகியவற்றைக் குறிப்பிடுவது சட்டப்படி கட்டாயம். உணவகத் தட்டுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. பட்டியல் அட்டையில் எழுதவில்லை என்பதால் இல்லை என்று கொள்ளக் கூடாது.

கடையும் உணவும்

செண்டாய் என்றவுடன் எல்லோரும் சொல்வது கியூட்டான், தணலில் சுட்ட மாட்டு நாக்கு. போருக்குப் பிந்தைய 1948 இல் ஸானோ கெய்ஷிரோ என்பவர் இந்நகரில் தொடங்கிய கடையிலிருந்து அது பரவியது. வாற்கோதுமை கலந்த சோறு, உப்பிட்ட கீரை, மாட்டு வால் சூப் ஆகியவற்றோடு அதைப் பரிமாறுவது மரபு. மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் பிரிவில் இருந்தால் கியூட்டானுக்கே பெயர்போன கடையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கே சூப்பும் மாட்டிலிருந்தே வருவதால், நாக்கை மட்டும் விலக்கினாலும் தட்டில் மிஞ்சுவது சோறும் கீரையும்தான். பல வகை வட்டார உணவுகளைத் தரும் கடையில் கியூட்டான் ஒரு தட்டாக வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். விரும்புகிறவர்களுக்கு அது கிடைக்கும், விரும்பாதவர்களுக்கு வேறு பத்து இருக்கும்.

டிசம்பர் விருந்துக்கு நான் முன்வைப்பது செரி நாபே. நாபே என்பது மேசையிலேயே சட்டியில் கொதிக்கவைத்து உண்ணும் உணவு. செரி என்பது நீர்நிலத்தில் வளரும் மணமுள்ள கீரை. நம் கொத்தமல்லிக்கும் இதற்கும் குடும்ப உறவு உண்டு. செண்டாயை அடுத்த நாதோரி நகரம் இதற்குப் பேர்போனது. குளிர்காலத்தில் அதை வேரோடு பிடுங்கி, மண் போகக் கழுவி, கொதிக்கும் சாற்றில் சில நொடிகள் மட்டும் அமிழ்த்தி எடுத்து உண்பார்கள். இலை மென்மையாகவும், தண்டு மொறுமொறுப்பாகவும், வேர் கடிக்கக் கடிக்க மண்வாசனையோடு இனிப்பாகவும் இருக்கும். முதன்முறை வேரைக் கண்டு தயங்குகிறவர்கள் இரண்டாம் கிண்ணத்தில் வேரைத்தான் தேடுவார்கள். வழக்கமான சாறு கோழி அல்லது வாத்து. ஆனால் உணவின் உயிர் கீரையில் இருப்பதால், கொம்பு சாற்றிலும் அது குறைபடாமல் வருகிறது. சைவர்களும் மற்றவர்களும் ஒரே உணவை, வெவ்வேறு சட்டியில், ஒரே நேரத்தில் உண்ண முடிகிற இந்த வசதிக்காகவே நான் மூன்று முறை செரி நாபே இருக்கும் கடையைத் தேடிப் போனேன்.

மற்றவை சுருக்கமாக. மூங்கில் இலை வடிவில் சுடப்படும் மீன் பிட்டு, ஸஸாகமாபோகோ, தொடக்கத் தட்டுக்கு நல்லது. தோமே பகுதியின் அபுராஃபு என்பது எண்ணெயில் பொரித்த கோதுமைப் புரதம். சைவர்களுக்கு அது வயிற்றை நிரப்பும், ஆனால் வழக்கமாக மீன் சாற்றில் வேகவைத்து முட்டை சேர்ப்பதால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். இறுதியில் ஸுண்டா மோச்சி, அதாவது இளம் சோயா பயற்றை அரைத்துச் சர்க்கரை சேர்த்து அரிசி மாவுருண்டை மேல் பூசியது, எவருக்கும் பொதுவாக அமையும் இனிப்பு.

மாட்சுஷிமா விரிகுடாவின் சிப்பி டிசம்பரில் நல்ல சுவையோடு இருக்கும். இருந்தாலும் பச்சைச் சிப்பியைக் குழு விருந்தில் நான் வைப்பதில்லை. நோரோவைரஸ் குளிர்காலத்தில்தான் மிகுதி. உண்ட ஒன்றிரண்டு நாளில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கி, பிரிவு முழுவதும் ஒரே வாரத்தில் படுத்துவிடும். உட்பகுதி 85 முதல் 90 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 90 நொடிகளுக்குக் குறையாமல் வெந்திருக்க வேண்டும் என்பது நலத்துறையின் அறிவுரை. பொரித்ததாகவோ சட்டியில் நன்கு வெந்ததாகவோ கேளுங்கள்.

கடையை முடிவு செய்யும் முன் ஒருமுறை நேரில் போய் மதிய உணவு உண்டு வாருங்கள். இதற்கு ஷிதாமி என்று பெயர். அறைக்குள் எப்படி அமர்வது என்பதைப் பாருங்கள். ஸாஷிகி என்றால் தட்டைத் தரைவிரிப்பு. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இரண்டு மணி நேரம் பெரும் துன்பம். ஹோரிகோதாட்சு என்றால் மேசைக்கு அடியில் பள்ளம் இருக்கும், காலைத் தொங்கவிடலாம். இரண்டிலும் வாசலில் காலணியைக் கழற்ற வேண்டும் என்பதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். பூட்ஸ் அணிந்து வருகிறவர்கள் உங்களுக்கு நன்றி சொல்வார்கள். புகைபிடித்தலையும் கேளுங்கள். ஏப்ரல் 2020 முதல் உணவகங்களுக்குள் புகைக்கத் தடை இருந்தாலும், பழைய சிறு கடைகளுக்கு விலக்கு உண்டு. வட்டாரச் சமையல் கடைகளில் அப்படிப்பட்டவை பல. கருவுற்றவர் வருகிறார் என்றால் அங்கே போகாதீர்கள்.

தொலைபேசியில் பேசுதல்

பிற்பகல் இரண்டுக்கும் நான்குக்கும் இடையில் அழையுங்கள். மதியக் கூட்டம் கலைந்து, மாலை ஆயத்தம் தொடங்காத நேரம் அது. இணையத்தில் முன்பதிவு செய்ய முடிந்தாலும், உணவு விலக்குகள் இருக்கும்போது குரலில் பேசுவதே நல்லது. "போனென்காய் நோ யோயாகு வோ ஒனெகாய் ஷிமாசு" என்று தொடங்கி, நாள், நேரம், ஆள் எண்ணிக்கை, ஒருவருக்கான தொகை ஆகியவற்றைச் சொல்லுங்கள். பின்னர் விலக்குகளுக்கு வாருங்கள். "கட்சுவோ டாஷி மோ தாபெரரெமாசென்" என்றால் சூரை மீன் சாறும் உண்ணமாட்டார் என்று பொருள். "கொம்பு டாஷி டே டெகிமாசு கா" என்றால் கொம்புச் சாற்றில் செய்ய முடியுமா என்று பொருள். "ஹிதோரி நாபே" என்ற சொல்லையும் நினைவில் வையுங்கள்: ஒருவருக்கான சிறு சட்டி. சைவருக்கு அதைக் கேட்டு வாங்கினால் பொதுச் சட்டியின் கரண்டி அவர் பக்கம் வராது.

பேசி முடித்த அன்றே அத்தனையையும் ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதி, இருக்கை எண்ணோடு, கடைக்கு மின்னஞ்சலிலோ நேரிலோ கொடுத்துவிடுங்கள். தொலைபேசியை எடுத்தவரும் விருந்தன்று அடுப்படியில் நிற்பவரும் வேறு வேறு ஆட்கள். அன்று மாலை கையில் இருப்பது அந்தத் தாள்தான். செய்ய முடியாது என்று கடைக்காரர் சொன்னால் வருத்தப்படாமல் நன்றி சொல்லி வேறு கடையைப் பாருங்கள். முடியும் என்று மழுப்பலாகச் சொல்லும் கடையைவிட முடியாது என்று நேராகச் சொல்லும் கடை நமக்கு நன்மையே செய்கிறது.

பானங்களைப் பற்றியும் அதே அழைப்பில் பேசிவிடுங்கள். நோமிஹோடாய் என்பது ஒரே தொகைக்கு, பொதுவாக இரண்டு மணி நேரம், வேண்டிய அளவு பருகும் ஏற்பாடு. முடிவதற்கு அரை மணி முன்னதாகவே கடைசி ஆர்டர் எடுத்துவிடுவார்கள். குழுவில் ஒருவர் எடுத்தால் எல்லோரும் எடுக்க வேண்டும் என்ற விதி பல கடைகளில் இருக்கிறது. மது அருந்தாதவர்களுக்குக் குளிர்பானங்கள் மட்டும் அடங்கிய குறைந்த விலை நோமிஹோடாய் உண்டா என்று கேளுங்கள். பல கடைகளில் உண்டு, கேட்காதவர்களுக்குச் சொல்வதில்லை.

எண்ணிக்கையை எந்த நாள் வரை மாற்றலாம், அதற்குப் பின் குறைந்தால் எவ்வளவு கட்டணம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முழு விருந்தாக முன்பதிவு செய்துவிட்டு அன்று வராதவருக்கு முழுத் தொகையும் கேட்பது நியாயமே. அவருக்கான மீனும் கீரையும் வாங்கி நறுக்கி வைத்திருப்பார்கள்.

பணம்

வட்டாரச் சமையல் கடையில் உணவும் பானமும் சேர்ந்து ஒருவருக்கு 5,000 முதல் 6,000 யென் என்று கணக்கிடுங்கள். அமர்ந்து உண்பதற்கு நுகர்வு வரி 10 விழுக்காடு. சொல்லப்பட்ட விலையில் அது அடங்குமா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். தனித்தனியாக ஆர்டர் செய்தால் ஓதோஷி என்னும் சிறு தட்டு தானாக வந்து சில நூறு யென் கணக்கில் ஏறும். முழு விருந்தில் அது பெரும்பாலும் உள்ளடங்கியிருக்கும்.

எல்லோரிடமும் ஒரே தொகையை வாங்குவது இங்கே வழக்கமன்று. பதவியில் மூத்தவர் கூடுதலாகக் கொடுப்பார். பதினைந்து பேர், ஒருவருக்கு 5,500, மொத்தம் 82,500 யென் என்று வைத்துக்கொள்வோம். பிரிவுத் தலைவர் 10,000. மூத்தவர் நால்வர் தலைக்கு 6,500. மற்ற எண்மர் தலைக்கு 5,000. புதிதாகச் சேர்ந்த இருவர் தலைக்கு 3,500. கூட்டினால் 83,000 வரும், 500 மிஞ்சும். முந்தைய ஆண்டின் கணக்கைப் பழைய கன்ஜியிடம் கேட்டு வாங்கி அந்த விகிதத்தையே பின்பற்றுங்கள். தலைவரிடம் நீங்களாக ஒரு தொகையைச் சொல்லாதீர்கள். மது அருந்தாதவர்களுக்குக் குறைத்து வாங்குவதாக இருந்தால் அதையும் முன்பே அறிவித்துவிடுங்கள்.

காய்ஹி எனப்படும் இந்தப் பங்குத் தொகையை விருந்துக்கு முந்தைய நாளுக்குள் வாங்கி முடியுங்கள். கடையில் கை நனைத்துக்கொண்டு சில்லறை எண்ணுவது எவருக்கும் உவப்பானதன்று. நிறுவனம் ஒரு பகுதியைத் தருவதாக இருந்தால், ரியோஷூஷோ என்னும் ரசீதை நிறுவனத்தின் பெயரில் எழுதி வாங்குங்கள். அக்டோபர் 2023 முதல் கணக்குப் பிரிவினர் ரசீதில் கடையின் பதிவெண்ணை, அதாவது 'T' எழுத்துடன் தொடங்கும் 13 இலக்க எண்ணை, எதிர்பார்க்கிறார்கள். வரி நீங்கலாக 50,000 யென் அல்லது அதற்கு மேற்பட்ட ரொக்க ரசீதில் 200 யென் வருவாய் முத்திரை ஒட்டியிருக்க வேண்டும். அது கடையின் பொறுப்பு, எனினும் பார்த்து வாங்குங்கள்.

விருந்து நாள்

இருபது நிமிடம் முன்னதாகக் கடைக்குப் போய்விடுங்கள். முதலில் பரிமாறுகிறவரிடம் அந்தத் தாளைக் காட்டி, சைவச் சட்டி எந்த இருக்கைக்கு என்று கையால் சுட்டிச் சொல்லுங்கள். கதவிலிருந்து தொலைவில் உள்ள இடம் காமிஸா, மூத்தவர்களுக்கு உரியது. கதவோரம் ஷிமோஸா, கன்ஜியாகிய உங்களுக்கு. பரிமாறுகிறவரை அழைப்பதும் பணம் கொடுப்பதும் அங்கிருந்துதான் எளிது.

எல்லோரும் வந்ததும் பானம் வந்து சேரும். அனைவர் கையிலும் கோப்பை இருக்கும் வரை எவரும் பருக மாட்டார்கள். நீங்கள் எழுந்து இரண்டு வரி வரவேற்புச் சொல்லி, முன்பே கேட்டு வைத்த மூத்தவரைக் கம்பாய் சொல்ல, அதாவது கோப்பை உயர்த்தி வாழ்த்த, அழையுங்கள். அதற்குப் பின்னரே உணவு. பீர் இல்லாத கோப்பையோடு கம்பாய் சொல்லத் தயங்க வேண்டாம். ஊலாங் தேநீரும் இஞ்சிப் பானமும் எல்லாக் கடையிலும் உண்டு. ஜப்பானியர்களிலேயே பத்துக்கு நால்வர் அளவில், மதுவைச் செரிக்கும் நொதியின் மரபுவழி வேறுபாட்டால், சிறிது குடித்தாலே முகம் சிவந்துவிடுகிறவர்கள். குடிக்காதவரைப் பார்த்து இங்கே எவரும் வியப்பதில்லை. யாரேனும் வற்புறுத்துவதைக் கண்டால், கன்ஜி என்ற உரிமையில் இடையில் புகுந்து வேறு பேச்சுக்குத் திருப்புங்கள். இருபது வயது நிரம்பாதவருக்கு மது கூடாது. 2022 இல் வயதுவந்தோர் வரம்பு 18 ஆகக் குறைந்தபோதும் இந்த விதி மாறவில்லை.

சட்டி கொதிக்கத் தொடங்கியதும் கீரையை ஒரேயடியாகக் கொட்டிவிடாமல் பிடிபிடியாக இடச் சொல்லுங்கள். பொதுச் சட்டியிலிருந்து எடுக்கத் தனிக் குச்சிகள் உண்டு. சொந்தக் குச்சியை அதில் விடக்கூடாது. கடைசியில் எஞ்சிய சாற்றில் சோபா நூடுல்ஸோ சோறோ இட்டு முடிப்பார்கள். இதற்கு ஷிமே என்று பெயர். சைவச் சட்டிக்கும் ஷிமே உண்டா என்பதை அந்த நேரத்தில் மறக்காமல் கேளுங்கள். எல்லோருக்கும் வந்து ஒருவருக்கு மட்டும் வராமல் போவது இந்த இடத்தில்தான்.

நேரம் முடிவதற்குப் பத்து நிமிடம் முன்பு நாகாஜிமே. இன்னொரு மூத்தவர் நான்கு சொல் பேசி, எல்லோரும் ஒன்றாகக் கைதட்டி விருந்தை முடிப்பார்கள். பத்துத் தட்டா, ஒற்றைத் தட்டா என்பதை அவரே தொடங்கும் முன் அறிவிப்பார்; அவரைப் பார்த்துத் தட்டினால் போதும்.

வீடு திரும்புதல்

இரண்டாம் சுற்றான நிஜிகாய்க்குப் போவது அவரவர் விருப்பம். அதற்கென ஒரு கடையைப் பார்த்து வைத்திருங்கள், ஆனால் எவரையும் இழுத்துப் போக வேண்டாம். சுரங்க ரயிலின் கடைசி வண்டி நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்டுவிடும். அந்த நேரத்தை இரு திசைக்கும் அழைப்பு மின்னஞ்சலிலேயே எழுதுங்கள். டிசம்பர் இரவில் பனி விழுந்தால் டாக்சி கிடைப்பது அரிது.

காரில் வந்தவர்கள் யார் என்பதை விருந்துக்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். குடித்துவிட்டு ஓட்டுகிறவர் மட்டுமன்றி, அவர் ஓட்டுவார் என்று அறிந்தே மது கொடுத்தவரும், தெரிந்தே அந்த வண்டியில் ஏறியவரும் தண்டிக்கப்படுவார்கள். நவம்பர் 2024 முதல் மது அருந்திய நிலையில் மிதிவண்டி ஓட்டுவதற்கும் 3 ஆண்டு வரை சிறையோ 5 லட்சம் யென் வரை அபராதமோ உண்டு. நம்மவர்கள் பலர் அலுவலகத்துக்கு மிதிவண்டியில் வருகிறவர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: அன்று அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கார் அவசியம் என்றால் டாய்கோ என்னும் மாற்று ஓட்டுநர் சேவையை மாலையிலேயே பதிவு செய்யுங்கள்.

மறுநாள் காலை அலுவலகத்தில் நுழைந்ததும், கூடுதலாகக் கொடுத்தவர்களிடம் நேரில் சென்று நன்றி சொல்லுங்கள். அன்றே வரவு செலவை எல்லோருக்கும் அனுப்பி, மிஞ்சிய 500 யென் என்ன ஆயிற்று என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். கடைக்கும் ஒரு தொலைபேசி. பின்னர் அடுத்த கன்ஜிக்கு ஒரு கோப்பு: கடையின் பெயர், அழைத்த நாள், பேசியவர் யார், மேசை அமைப்பு, பங்குத் தொகைப் பட்டியல், யார் எதை உண்பதில்லை என்ற அந்த ஒரு பக்கம். சைவச் சட்டிக்குக் கொம்புடன் ஷீதாகேயும் சேர்க்கச் சொன்னபோது சாறு கனமாக வந்தது என்று சென்ற ஆண்டு அதன் ஓரத்தில் குறித்து வைத்தேன். அது மதுரைக்காரர் இரண்டாம் கிண்ணம் கேட்டு வாங்கிய ஆண்டு.